மச்சமும் பச்சையும்

போன வாரம் துர்கா கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். நான் வேலை பார்த்த மருத்துவமனையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த புதிய உடை விதி அது. ஒரு வரியை மட்டும் சிவப்பில் வட்டமிட்டிருந்தாள். ஊழியர்களின் உடம்பில் பச்சை குத்தியிருந்தால் இனி அதை மூட வேண்டியதில்லை, பிறரைப் புண்படுத்தும் படமோ சொல்லோ மட்டும் கூடாது என்பது அந்த வரியின் சாரம். கூடவே ஒரு குரல் பதிவு. "அக்கா, பாத்தீங்களா! இது எப்படி வந்துச்சுன்னு இங்க உள்ள புதுப் புள்ளைங்க யாருக்குமே தெரியல லா. நீங்க எழுதிக் குடுங்க. நானே சொன்னா பீத்திக்கிற மாதிரி இருக்கும்."

எனக்குப் பேச வரும், எழுத வராது. என் வாய் நீளம் என்பது எங்கள் பிரிவில் கூட்டுகிற பெண்மணி முதல் பெரிய டாக்டர் வரை எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம். ஆனாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன். அதற்குக் காரணம், அந்தக் குரல் பதிவின் கடைசியில் அவள் போகிற போக்கில் சொன்ன இன்னொரு செய்தி. புதிதாக வந்திருக்கும் இயந்திரத்தில் காமிராவே நோயாளியின் உடம்பைப் பார்த்து இடம் பிடித்துக்கொள்கிறதாம். அதனால் இனி நோயாளிகளுக்குப் புள்ளி குத்த வேண்டாமாம். அட ஆண்டவனே! நான் இருந்த காலத்தில் நோயாளிக்குப் பச்சை குத்தினோம், ஊழியரின் பச்சையை மூடச் சொன்னோம். இப்போது நோயாளிக்குக் குத்துவதும் இல்லை, ஊழியர் மூடுவதும் இல்லை. எல்லாம் தலைகீழ். அதுவும் நல்ல பக்கமாகத் தலைகீழ்.

நோயாளிக்கு எதற்குப் பச்சை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். நான் வேலை பார்த்தது பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையின் கதிர் சிகிச்சைப் பிரிவில். புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கிற இடம். என் அம்மா கடைசிவரை எங்கள் ஊர் நிபோங் திபாலில் எல்லாரிடமும் "எம்பொண்ணு பினாங்குல எக்ஸ்ரே எடுக்குறா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை. கோலாலம்பூரில் படித்தேன், விடுதிச் சோற்றில் இளைத்தேன், பரீட்சையில் தேறினேன். படிப்பைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. உண்மையான படிப்பு மிஸ்ஸஸ் கூவிடம் வந்து சேர்ந்த பிறகுதான் ஆரம்பமானது.

மிஸ்ஸஸ் கூ எங்கள் பிரிவின் தலைவி. ஒல்லியான பினாங்குச் சீன அம்மா. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் இன்னும் மெல்லப் பேசுவார், அப்போதுதான் எங்களுக்குப் பயமாக இருக்கும். அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஓர் இரும்பு அடிக்கோல் இருக்கும். நோயாளியின் மார்பில் கோடு போட மட்டுமில்லை அது. காலையில் எங்களை வரிசையாக நிறுத்தி நகத்தின் நீளம், பாவாடையின் நீளம், காதுத் தோட்டின் அகலம் எல்லாவற்றையும் அதால் அளப்பார். முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக்கூடாது என்பது கிருமித் தடுப்பு விதி. கடிகாரம், வளையல், கோயில் கயிறு எதுவும் ஆகாது. முழுக்கைச் சட்டையும் ஆகாது. சேர்ந்த புதிதில் நான் கருப்புக் கயிறு கட்டிக்கொண்டு போனேன். கத்தரிக்கோலை நீட்டி, "நீயே வெட்டு, உன் சாமி என்னைக் கோபிக்க வேண்டாம்" என்றார். அவர் பேசியது ஆங்கிலமும் மலாயும் கலந்த பேச்சு. இங்கே நான் தமிழில் எழுதுகிறேன்.

இப்போது புள்ளி விஷயத்துக்கு வருகிறேன். நோயாளி மேசையில் படுத்திருப்பார். சுவர்களிலிருந்தும் கூரையிலிருந்தும் மெல்லிய சிவப்பு ஒளிக்கோடுகள் அவர் உடம்பில் வந்து விழும். முதல் நாள் எந்த இடத்தில் கோடுகள் வெட்டிக்கொண்டனவோ, சிகிச்சை முடியும்வரை தினமும் அதே இடத்தில் வெட்டிக்கொள்ள வேண்டும். கொஞ்சம் தள்ளினாலும் கதிர் நல்ல உறுப்பில் போய் விழும். அந்த இடத்தை உடம்பில் எப்படி அடையாளம் வைப்பது? ஆரம்பத்தில் பேனா மையால் கோடு போட்டோம். குளிக்கும்போது தேய்க்காதீர்கள் என்று தமிழ், மலாய், ஹொக்கியன் சீனம், ஆங்கிலம் எல்லாவற்றிலும் சொல்லி அனுப்புவோம். நம் ஊர் வேர்வைக்கு அது நிற்குமா? வேர்வையாவது பரவாயில்லை. தீபாவளிக்கு மறுநாள் ஒரு பெரியவர் வந்து சட்டையைக் கழற்றினார். உடம்பு பளபளவென்று இருந்தது, ஒரு கோட்டைக்கூடக் காணோம். "எண்ணெய்க் குளியலம்மா. தீபாவளியாச்சே, நோயாளின்னா குளிக்கக்கூடாதா?" என்று சிரித்தார். எல்லாவற்றையும் முதலிலிருந்து அளந்தோம். மிஸ்ஸஸ் கூ என்னைத் தனியே அழைத்து, "சரஸ், தீபாவளி எண்ணெய் பற்றி எனக்கு நீ ஏன் முன்னாலேயே சொல்லவில்லை?" என்று மெல்லக் கேட்டார்.

அதன்பிறகு பேனாவை விட்டோம். ஒரு சொட்டு கறுப்பு மை, ஒரு சின்ன ஊசி. மார்பின் நடுவே ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. குண்டூசித் தலை அளவுதான் இருக்கும், ஆனால் அழியாது. மிஸ்ஸஸ் கூ எங்களை முதலில் ஆரஞ்சுப் பழத்தின் தோலில் குத்திப் பழக வைத்தார். சாறு கசிந்தால் ஆழம் அதிகம், மை துடைத்தால் போய்விட்டால் ஆழம் போதவில்லை. கூடை கூடையாக ஆரஞ்சு குத்திய பிறகே மனிதத் தோலைத் தொட விட்டார்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் துர்கா வந்தாள். நேர்முகத்துக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து தேர்வாகிவிட்டாள். முதல் நாள் சீருடை அரைக்கை. கை கழுவும் தொட்டியில் நின்றவளின் முன்கையைப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே, உள்பக்கம், விரல் நீளத்துக்கு ஒரு வேல். நல்ல அழுத்தமான கறுப்பு. இலை மாதிரி முனை, நடுவில் விபூதிப் பட்டை, எல்லாம் கச்சிதம். நான் பார்த்த அதே நொடியில் மிஸ்ஸஸ் கூவும் பார்த்தார்.

"சரஸ், இது என்ன? ஈட்டியா?"

"வேல் மேடம். முருகனோடது."

"முருகன் இதை வைத்து என்ன செய்வார்?"

"அசுரனைக் கொல்லுவார்."

"அப்படியானால் ஆயுதம்."

"ஆயுதந்தான்... ஆனா சாமி மேடம்."

"ஆயுதமா, சாமியா? ஒன்று சொல்லு. விதியில் ஆயுதப் படம் கூடாது என்று இருக்கிறது."

நான் வாயைத் திறப்பதற்குள் துர்கா தண்ணீரை நிறுத்திவிட்டு, "ரெண்டும்தான் மேடம்" என்றாள். துணிச்சல்காரி.

அவளை அன்று மதியம் சாப்பாட்டு அறையில் பிடித்துக்கொண்டேன். இந்த மாதிரிப் பச்சைக்குப் பின்னால் ஏதாவது ஒரு கதை இருக்கும், அம்மாவுக்கு நேர்ந்துகொண்டதோ, காதல் தோல்வியோ என்று எனக்குள் ஒரு எதிர்பார்ப்பு. "ஏம்மா குத்திக்கிட்ட? யாருக்காவது வேண்டுதலா?"

"இல்லக்கா. பிடிச்சிருந்துச்சு, குத்திக்கிட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அழுகிற கதை இருந்தாத்தான் பச்சை குத்தணுமா அக்கா? எங்க அம்மாவே ஒரு வாரம் பேசல. எவன் கட்டிக்குவான்னு அழுதாங்க. இப்ப அவங்களே விளக்கேத்தறப்ப என் கையைப் பாத்துக் கும்பிடுறாங்க."

எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போய்விட்டது. ஆனால் பிடித்து என்ன செய்ய? விஷயம் ஊழியர் பிரிவுக்குப் போனது. அங்கே மேலாளர் சந்திரன். நம்மவர்தான், பத்து காவான் ஊர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர், நல்ல மனிதர். அவர்தான் கறாராக நின்றார். பச்சை வெளியே தெரியக்கூடாது, மூட வேண்டும், தகுதிகாண் காலத்தில் ஒரு தடவை மூடாமல் நோயாளி முன்னால் நின்றாலும் வேலை உறுதியாகாது என்று முடிவு சொல்லிவிட்டார்.

மூடுவது எப்படி? முழுக்கை போட்டால் கிருமி விதி தடுக்கும். வெறுங்கையாக இருந்தால் பச்சை விதி தடுக்கும். ஒரு விதிக்குக் கீழ்ப்படிந்தால் இன்னொன்று கழுத்தைப் பிடிக்கும். கடைசியில் தோல் நிறத்தில் ஒரு பேண்டேஜ் சுற்றிக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் அதை எறிந்துவிட்டுக் கை கழுவிப் புதிதாகச் சுற்ற வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. நாள் முழுக்கச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். ஈரம் காயாமல் தோல் தடித்துச் சிவந்துவிட்டது. அது அவளுடைய தலைவலி. எங்கள் எல்லாருக்குமான தலைவலி வேறு ரூபத்தில் வந்தது. நுரையீரல் சிகிச்சைக்கு வந்த ஒரு சீனப் பெரியவர் அவள் கையைக் காட்டி, "மிஸ்ஸி, அந்த மெஷின் சுட்டுவிட்டதா?" என்று கேட்டார். இல்லை அங்கிள் என்றாள். அவர் நம்பவில்லை. வெளியே போய்க் காத்திருந்தவர்களிடம் சொல்லிவிட்டார். கதிர் இயந்திரம் வேலை செய்கிற பெண்ணின் கையையே சுட்டுவிட்டதாம், நம்மை என்ன பண்ணுமோ என்று ஒரே பேச்சு. ஒரு மாது எழுந்து வீட்டுக்கே போய்விட்டார். பேண்டேஜ் என்று ஒன்றைச் சுற்றப்போய் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஜைத்தூன் அம்மா வந்தார். ஜைத்தூன் பீவி என்று முழுப்பெயர். லிட்டில் இந்தியாவில் அவர் மகனுக்குத் துணிக்கடை. இடது மார்பில் கட்டி, அறுவை முடிந்துவிட்டது, இனி கதிர் கொடுக்க வேண்டும். இடது பக்கம் என்றால் அடியிலேயே இதயம் இருக்கிறது. மயிரிழை பிசகக்கூடாது. அன்றைக்கு நான் வேறு இயந்திரத்தில் இருந்தேன். மிஸ்ஸஸ் கூவே அவரைப் படுக்க வைத்து அளந்தார். மிஸ்ஸஸ் கூவுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். மூச்சு இழு, மூச்சு விடு, ஆடாதே. எல்லாம் என்னிடம் கேட்டுக் கற்றுக்கொண்டது. ஒருநாள் "டாட்டூவுக்குத் தமிழில் என்ன?" என்று கேட்டிருந்தார். பச்சை குத்துவது என்று சொல்லியிருந்தேன். அந்தப் பாடத்தை அன்று பெருமையாக எடுத்துவிட்டார்.

"அம்மா, பச்சை குத்து. மூணு. சிக்கிட் சாஜா."

கொஞ்சம்தான் என்று மலாயில் சேர்த்தும் சொன்னார் பாவம். ஜைத்தூன் அம்மா மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "அஸ்தஃபிருல்லாஹ்! பேரன் பேத்தி எடுத்த வயசுல எனக்குப் பச்சையா? அது ஆகாதும்மா எங்களுக்கு." துடோங் முக்காட்டை எடுத்துத் தலையில் போட்டார், கிளம்பிவிட்டார். மகன் பின்னாலேயே "உம்மா, உம்மா" என்று ஓடினார்.

மிஸ்ஸஸ் கூ என்னிடம் வந்தார். "சரஸ், நீ சொல்லிக் கொடுத்த தமிழ் சரியில்லை."

"சரியான தமிழ்தான் மேடம். அதுதான் இப்ப பிரச்சினை."

நான் மகனுக்குத் தொலைபேசியில் எல்லாம் விளக்கினேன். அவர் பள்ளிவாசலில் போய் இமாமிடம் கேட்டார். சிகிச்சைக்காக என்றால் தடையில்லை என்று இமாம் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தார். நான் உள்ளே போய் உட்கார்ந்து, என் நீளமான வாயை எவ்வளவு முடியுமோ அவ்வளவு நீட்டினேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சட்டம் விடுதும்மா, மனசு விடல. நீ நல்லாத்தான் பேசற. ஆனா வேலை முடியணுமேன்னு பேசற" என்றார். சுருக்கென்று இருந்தது. உண்மை சுடத்தானே செய்யும். வெளியே வந்துவிட்டேன்.

"துர்காவை அனுப்பு" என்றார் மிஸ்ஸஸ் கூ. தமிழ் பேசுகிற பெண் ஊழியர் அன்றைக்கு அவள் ஒருத்திதான் மிச்சம்.

அந்த அறைக்கு வெளியே கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் எங்கள் மேசை. அதில் ஒரு காமிராத் திரை. உள்ளே நடப்பது தெரியும், பேசுவதும் கேட்கும். மிஸ்ஸஸ் கூவும் நானும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே போன துர்கா ஒரு வார்த்தை பேசுவதற்குள் ஜைத்தூன் அம்மா அவள் கையைப் பிடித்துவிட்டார்.

"இது என்ன புள்ள கட்டு? மெஷின் சுட்டுடுச்சா?"

இல்லையென்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போயிருக்கலாம். சின்னக் காயம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"இல்லம்மா. பச்சை குத்தியிருக்கேன். அதை மூடியிருக்கு."

"ஏன் மூடணும்?"

"ஆஸ்பத்திரி ரூல்ஸ்மா. பேஷண்ட் கண்ணுல படக்கூடாதாம்."

ஜைத்தூன் அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப உன் பச்சையை மூடிக்கிட்டு, எனக்குக் குத்த வந்தியா?"

"என்ன சொல்கிறார்?" என்றார் மிஸ்ஸஸ் கூ. மொழிபெயர்ப்பதா வேண்டாமா என்று எனக்குள் தவிப்பு. மொழிபெயர்த்தால் அந்தப் பெண் மாட்டிக்கொள்வாள். ஆனால் மிஸ்ஸஸ் கூவிடம் பொய் சொல்லி யாரும் பிழைத்ததில்லை. வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன்.

திரையில் துர்கா பேண்டேஜை அவிழ்க்க ஆரம்பித்தாள். தகுதிகாண் காலம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். ஒரு தடவை மூடாமல் நின்றாலும் வேலை போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும், இந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். அடிப் பாவி, ஏண்டி இப்படி என்று வாய்க்குள்ளேயே திட்டினேன்.

"இதுதான்மா பச்சை. நானே ஆசைப்பட்டுக் குத்திக்கிட்டது. பாக்கறவங்க பாக்கட்டும்னு குத்தினது. உங்களுக்கு வைக்கிறது அழகுக்கு இல்ல. பொய் சொல்ல மாட்டேன், அதுவும் ஊசிதான், மைதான். அழியாது. ஆனா ஒரு மச்சம் அளவுதான் இருக்கும். மூணு மச்சம். தெனமும் அந்த மச்சத்தைப் பாத்துத்தான் நாங்க உங்களைச் சரியா படுக்க வைப்போம். அது இருந்தாத்தான் உங்க இதயத்துல கதிர் படாம பாத்துக்க முடியும். வேணாம்னா சொல்லுங்க, வேற வழி என்னன்னு டாக்டர்கிட்ட கேக்கலாம். கட்டாயம் இல்லம்மா."

ஜைத்தூன் அம்மா அந்தக் கையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். தடித்துச் சிவந்திருந்த தோலைத் தடவினார். "வேலா இது?"

"ஆமாம்மா."

"எங்க கடைத்தெரு வழியாத்தானே தைப்பூசத் தேர் போவும். தெரியாதா எனக்கு. வலிச்சுச்சா?"

"இதுக்கு வலிச்சுச்சு. உங்களுக்கு எறும்பு கடிச்ச மாதிரிதான்."

"மச்சம்..." என்று அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு படுத்துக்கொண்டார். "சரி, வையி. மூணையும் ஒரே அளவா வையி புள்ள. ஒண்ணு பெருசாப் போச்சுன்னா மருமவ கேலி பண்ணுவா." கண்ணை மூடிக்கொண்டு பிஸ்மில்லாஹ் என்றார்.

மூன்றையும் ஒரே அளவாக வைத்தாள். சிகிச்சை முழுவதற்கும் ஒழுங்காக வந்து முடித்தார் அந்த அம்மா. இப்போதும் கடைத்தெருவில் பார்த்தால் நிறுத்தி வைத்து, "அந்த மச்சக்காரி எப்படி இருக்கா?" என்றுதான் கேட்பார். என்னை எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டார்.

மிஸ்ஸஸ் கூ அன்று அதைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை. யாரும் மேலே சொல்லாவிட்டால் விஷயம் அடங்கிவிடும் என்று நான் நிம்மதியாக இருந்தேன். ஆனால் நல்லது செய்கிறேன் என்று வந்து கெடுத்தார் அந்த மகன். இரண்டு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு முன்கூடத்துக்குப் போய், "கையில வேல் பச்சை குத்தின தங்கச்சி ஒண்ணு இருக்கே, அதுக்கு. அது கையைக் காட்டிப் பேசினதாலதான் உம்மா சம்மதிச்சாங்க" என்று உரக்கச் சொல்லியிருக்கிறார். அப்போது அங்கே நின்றிருந்தவர் சந்திரன்.

மறுநாள் எங்களை அழைத்தார். மிஸ்ஸஸ் கூவும் நானும் போனோம். துர்காவை வெளியே நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். புதிய பேண்டேஜ் சுற்றிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போனபோது, "அக்கா, வேலை போனா போகட்டும். ஆனா எங்க அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க, என்னால முடியாது" என்றாள். துணிச்சலெல்லாம் அன்றைக்குக் காணோம்.

உள்ளே சந்திரன் முகத்தைப் பார்த்தால் அவரும் தூங்கியதாகத் தெரியவில்லை. என்னிடம் தமிழில்தான் ஆரம்பித்தார். "அக்கா, நான் கெட்டவன்னு நினைக்காதீங்க. எத்தனையோ நேர்முகத்துல உக்காந்திருக்கேன். நம்ம புள்ளைங்க கையில ஒரு பச்சையைப் பாத்ததும் பக்கத்துல இருக்கறவங்க மூஞ்சி மாறும். இது குண்டர் கேங்கு லா அப்படின்னு ஒரு பார்வை. அந்தப் பார்வை நம்மாளுங்க மேல விழக்கூடாதுன்னுதான் நான் மூடச் சொல்றேன். காப்பாத்தத்தான்."

"காப்பாத்துறதுன்னா வேலையை விட்டுத் தூக்குறதா தம்பி? நல்லா இருக்கே!" என்றேன். கோபத்தில் குரல் எழும்பிவிட்டது. மிஸ்ஸஸ் கூ என் முழங்கையைத் தொட்டார். பேசாதே என்று அர்த்தம். பிறகு சட்டைப் பையிலிருந்து அடிக்கோலை எடுத்து மேசைமேல் வைத்தார். இடது கையைத் திருப்பி அதன் பக்கத்தில் வைத்தார். மணிக்கட்டில், பெருவிரலுக்குக் கீழே, ஒரு கறுப்புப் புள்ளி.

"மிஸ்டர் சந்திரன், இது என்ன?"

"மச்சம்."

"டாட்டூ. என் பயிற்சிக் காலத்தில், முதல் நோயாளிக்குக் குத்துவதற்கு முந்தின நாள் நானே எனக்குக் குத்திக்கொண்டேன். எனக்கு வலிக்கிறதா என்று தெரியாமல் இன்னொருவருக்கு எப்படிக் குத்துவது? அன்றிலிருந்து இது வெளியேதான் இருக்கிறது. இதை மூடு என்று யாரும் சொன்னதில்லை."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் புள்ளியை நான் தினமும் பார்த்திருக்கிறேன். அந்தக் கை என் கையைப் பிடித்து ஊசி பழக்கியிருக்கிறது. கூடை கூடையாக ஆரஞ்சு குத்த வைத்தவர், தான் குத்திப் பழகியது தன் கையில் என்று எங்கள் ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை. நானும் இத்தனை காலமாக அதை மச்சம் என்றே நினைத்திருந்தேன்.

சந்திரன் தடுமாறினார். "மேடம், அது வேற... அது சின்னது."

"ஆமாம். அதைத்தான் கேட்கிறேன். எத்தனை மில்லிமீட்டர் வரைக்கும் மச்சம்? எத்தனை மில்லிமீட்டரிலிருந்து டாட்டூ? நீங்கள் அளவைச் சொல்லுங்கள், நான் என் ஆட்களை வரிசையில் நிறுத்தி அளக்கிறேன். என்னிலிருந்து ஆரம்பிக்கிறேன்." அடிக்கோலை அவர் பக்கம் தள்ளினார். குரல் மிக மிக மெல்ல இருந்தது.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நம் ஆட்கள் சொல்வார்கள். தன் குடமும் பொன்குடம்தான் என்று வலிய வந்து சொன்ன மாமியாரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சந்திரன் அந்த அடிக்கோலைத் தொடவில்லை. அதையே பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்கு நான் எங்க போய் அளவு எழுதுவேன் மேடம்? சரி. அந்தப் பொண்ணுக்கு நீங்க பொறுப்பு எடுத்துக்கிட்டா நான் உறுதி பண்ணிடறேன், உங்க பிரிவுக்குள்ள மூடவும் வேணாம். விதியை மாத்தறது என் கையில மட்டும் இல்ல. ஆனா நான் கேக்கறேன். மேல கேக்கறேன்."

கேட்டார். உடனே மாறவில்லை. மிஸ்ஸஸ் கூ ஓய்வு பெற்று, நானும் ஓய்வு பெற்ற பிறகு, இப்போதுதான் பலகையில் ஏறியிருக்கிறது. சந்திரன் மீது எனக்கிருந்த கோபமெல்லாம் அந்தப் படத்தைப் பார்த்ததும் போய்விட்டது. தம்பி, நல்லா இரு.

அன்று அறையை விட்டு வெளியே வந்தோம். துர்கா எழுந்து நின்றாள். எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள். மிஸ்ஸஸ் கூ முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் நடந்தோம். எங்கள் பிரிவுக்குள் நுழைந்து, கை கழுவும் தொட்டியருகே வந்ததும் நின்றார். "கையை நீட்டு" என்றார். அவரே பேண்டேஜைப் பிரித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். அடிக்கோலை எடுத்து அந்த வேலின் நடுத்தண்டில் நீளவாக்கில் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"கோணல்" என்றார் மிஸ்ஸஸ் கூ.

"மேடம்?"

"முனை இடது பக்கம் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்திருக்கிறது. யார் குத்தியது?"

"சூலியா ஸ்ட்ரீட்ல ஒரு கடை மேடம்."

"அடுத்த தடவை என்னிடம் கேட்டுவிட்டுப் போ. கோடு போடத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறோம்." அடிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டார். "கை கழுவு. நோயாளி காத்திருக்கிறார்."

அடுத்த தடவை என்ற சொல்லில்தான் வேலை போகவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. குழாயைத் திறந்தாள். விரல் இடுக்கு, உள்ளங்கை, மணிக்கட்டு, பிறகு முழங்கைவரை சோப்பு நுரை. சேர்ந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, மறுபடி மூடும் அவசரமில்லாமல் அந்த வேல்மேல் தண்ணீர் தாராளமாக ஓடியது. அவள் கண்ணிலிருந்தும் ஓடியது. கழுவிய கையால் முகத்தைத் தொடக்கூடாது என்பது விதி. இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்தான் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.